திரை அணையாமல் காக்கும் ஓர் இலவச மென்பொருள் பற்றி என் கருத்து

காசு கொடுக்காதவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள் என்பதை மேக் கணினிக்கான இலவச மென்பொருள்களைப் பற்றிப் பயனர்கள் கருத்து எழுதும் ஒரு தளத்தில்தான் கற்றுக்கொண்டேன். யாரோ ஒருவர் தன் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் உட்கார்ந்து ஒரு சின்னக் கருவியை எழுதியிருப்பார். உள்ளே இருக்கும் நிரல் அத்தனையையும் எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்து, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருப்பார். அதற்குக் கீழே ஒருத்தன் வந்து, ஐகான் அழகாக இல்லை, ஒரு நட்சத்திரம், என்று எழுதிவிட்டுப் போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்குப் பதில் எழுதாமல் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்தத் தளத்தில் நான் எழுதாத கருத்தே இல்லை என்று சொல்லலாம். நகலெடுத்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும் கருவி, ஜன்னல்களைத் திரையில் பாதிப்பாதியாக ஒதுக்கி நிறுத்தும் கருவி, திரையின் மேல்பட்டியில் சேர்ந்துபோன சின்னங்களை ஒளித்துவைக்கும் கருவி, விசிறி எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டும் கருவி, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து எழுதியிருக்கிறேன். என்னுடைய மேக் பழசு. செய்தவர்களே அதற்குப் புதுப்பிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இந்த இலவசக்காரர்கள்தான் அதைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். அதனால் அவர்கள் பக்கம் நிற்பது என் கடமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவு எழுத நேரம் எங்கே கிடைத்தது என்று கேட்டால், எனக்கு வேலை போய்விட்டது. வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வீடு என்றால் என் மனைவியின் வீடு.

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் பிறந்து வளர்ந்த வீடு இப்போது என் தங்கையின் வீடு. அங்கே அவள் மாப்பிள்ளைக்கு மரியாதை நடக்கிறது, இங்கே எனக்கு நடக்கிறது. மாடியில் எனக்கென்று ஒரு அறை. பசியாற வேண்டியது மேலே வரும், தேத்தண்ணி மேலே வரும். மாமி, அதாவது என் மனைவியின் தாயார், என் எதிரில் வந்து நின்று பேசியதில்லை. பதினோரு வருஷமாகக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்தான், அதுவும் என் மனைவியிடம் பேசுவதுபோல என் காதில் விழும்படி. நானும் அப்படித்தான் பதில் சொல்லுவேன். கேள்வி கேட்க மாட்டார்கள், குறை சொல்ல மாட்டார்கள். விருந்தாளியாகவே ஒரு ஆயுளைக் கழிப்பது எவ்வளவு சிரமம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வளைகுடாவில் ஒரு கப்பல் ஆபீசில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கும் வேலை எனக்கு. மூன்று வருஷத்துக்கு முன், இதை உன் ஊரில் இருந்தே செய்யலாமே என்று அனுப்பிவைத்தார்கள். நான் வைத்திருந்த பழைய மேக்கையும் எடுத்துக்கொண்டு போ என்றார்கள். அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே பத்தரை. பத்தரைக்கு நான் மாடியில் உட்கார்ந்தேன் என்றால் கீழே வீடே அடங்கிவிடும். டிவியை ஊமையாக வைத்துப் பார்ப்பார்கள். என் மகள் ஓடினால், "மெதுவா போ புள்ள, வாப்பா டூட்டியில இருக்காஹ" என்று மாமியின் குரல் கேட்கும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் மதியம் மெயில் வந்தது. இரண்டே வரி. உங்கள் பணியிடம் நீக்கப்பட்டது, இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி. சொல்லிவிடலாம் என்று உடனே படி இறங்கினேன். பாதிப் படியில் நிற்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமி என் மனைவியிடம் கேட்டார்கள். "மாப்புளைக்கு டூட்டி முடிஞ்சிட்டான்னு கேளு. சோறு போடட்டுமா?"

"இல்ல. இன்னும் மீட்டிங் இருக்கு" என்றேன்.

எப்படி அது வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பழக்கம்தான். சொல்லிவிட்டுத் திரும்ப ஏறி நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு ஏறியவன் ஐந்து மாதம் இறங்கவில்லை. கணக்கு முடித்துக் கொடுத்த தொகை இருந்ததால் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முடிந்தது. அந்த வகையில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை.

சந்தேகம் வர இருந்த ஒரே வழி திரை. பத்து நிமிஷம் விசையைத் தொடாவிட்டால் மேக் கண்ணை மூடிக்கொள்ளும். பகலில் மாப்பிள்ளை அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட முடியாது, ஊரே சிரிக்கும். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் மனைவி தேத்தண்ணி கொண்டுவருவாள். மகள் நினைத்தபோதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். கறுத்துப்போன திரைக்கு முன்னால் ஒரு மனுஷன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட விஷயம் விளங்கிவிடும்.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் இந்தக் கருவி. மேல்பட்டியில் ஒரு சின்ன விளக்குப் படம் வந்து உட்காரும். அதைத் தட்டினால் மஞ்சளாகும். மஞ்சளாக இருக்கும்வரை திரை அணையாது. அவ்வளவுதான் அதன் வேலை. விளம்பரம் இல்லை, பதிவு செய்யச் சொல்லாது, நம்மைப் பற்றி எதையும் கேட்காது. எதையும் கேட்காமல் இருப்பது எனக்கு அப்போது பெரிய குணமாகப் பட்டது. பழைய சரக்கு ஆவணம் ஒன்றைத் திரை முழுக்கத் திறந்துவைத்து விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். யாரும் இல்லாதபோது ஒரு மூலையில் சின்ன ஜன்னலைத் திறந்து கருத்துகளைப் படிப்பேன். படி ஏறும் சத்தம் கேட்டால் ஜன்னல் ஒதுக்கும் கருவி ஒரே தட்டில் அதை மறைத்துவிடும். அதற்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன், காரணம் சொல்லாமல்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த மூச்சுமுட்டலை எப்படிச் சொல்வது. வேலை செய்வதைவிட வேலை செய்வதுபோல உட்கார்ந்திருப்பது உடம்பை அதிகம் வலிக்கவைத்தது. வேலை இருந்த காலத்தில் நடுவில் எழுந்து கடைத்தெருப் பக்கம் போய்வருவேன். இப்போது அதற்கும் பயம், அலைகிறான் என்று தோன்றிவிடுமோ என்று. நீக்கிய மென்பொருள்களின் மிச்சமீதியைத் தேடித் துடைக்கும் ஒரு கருவியைப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷ ஆபீஸ் வேலையின் மிச்சங்கள் எங்கெங்கே ஒட்டிக்கிடக்கின்றன என்று நீளமாகப் பட்டியல் போட்டுக் காட்டி, அழித்துவிடவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். அந்தக் கருவிக்கு மட்டும் நான் கருத்து எழுதவில்லை.

வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை. சனிக்கிழமைகளில், கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவிட்டு, மேக்கைப் பையில் போட்டுக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறுவேன். துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் சரக்கு கிளியரிங் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒரு ஆபீசில் முதலாளி அண்ணாச்சி என் தாள்களைப் பொறுமையாகப் படித்துப் பார்த்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒம்ம வேல சுத்தமா இருக்கு. அதுல ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல. ஆனா இங்கன நேத்து காலேஜ் முடிச்சவன் மூணு பேரு இருக்கான். ஒம்மள அவனுவளுக்குக் கீழ ஒக்கார வைக்க எனக்கு மனசு வரமாட்டேங்கு" என்றார்.

"நான் உக்காருவேன் அண்ணாச்சி."

"நீரு ஒக்காருவீரு. அவனுவ ஒம்ம வச்சுக்கிட்டு வேல பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு, இடம் வந்தால் கூப்பிடுவதாக என் நம்பரை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்ல வேண்டுமே என்ற யோசனைதான் பெரிதாக இருந்தது.

இரண்டாவது மாதம் அந்த விளக்குக் கருவிக்கு ஒரு கருத்து எழுதினேன். தினமும் ஒன்பது மணி நேரம் ஓடுகிறது, ஒருமுறைகூடக் காலை வாரவில்லை, ஐந்து நட்சத்திரம். கூடவே ஒரு விண்ணப்பமும் வைத்தேன். காலையில் விளக்கைப் போட மறந்துவிடுகிறேன், எந்தெந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று நாமே குறித்துவைக்க வசதி கொடுத்தால் நன்றாக இருக்கும். ஒரு வாரத்தில் அதை எழுதியவரே பதில் போட்டார். நல்ல யோசனை, அடுத்த பதிப்பில் சேர்க்கிறேன், இவ்வளவு நேரம் எதற்காகப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை என்றார். நீளமான ஆவணங்கள் படிக்கிறேன் என்று அவரிடமும் பொய் சொன்னேன். எந்த நாட்டிலோ இருக்கும், என் முகமே தெரியாத ஒருத்தரிடம் பொய் சொல்ல என்ன அவசியம் என்று அன்றைக்கு முழுக்க என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

சொன்னபடியே புதுப் பதிப்பு வந்தது. ஞாயிறு முதல் வியாழன் வரை, பத்தரை முதல் ஏழரை வரை என்று குறித்தேன். அதற்குப் பிறகு நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் டூட்டி தானாகத் தொடங்கித் தானாக முடிந்தது. இந்த வசதிக்குக் கீழே ஒருவர், விடுமுறை நாட்களைக் குறிக்கவும் வழி வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு அது நன்றி கெட்ட பேச்சாகப் பட்டது. உழைக்கிற ஆளுக்கு விடுமுறை என்றைக்கு என்று தெரியாதா, அதையும் மென்பொருள்தான் சொல்ல வேண்டுமா என்று காரமாகப் பதில் எழுதினேன். அதற்கு நாலைந்து பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

நோன்பு மாதம் வந்தது. நோன்பில் அங்கே ஆறு மணி நேரம்தான் வேலை. அதையும் ஞாபகமாக நாலரைக்குக் குறைத்து வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முப்பதாவது நோன்பு. எங்களுக்கு மறுநாள்தான் பெருநாள். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, தொழுதுவிட்டுப் படுத்தவன் எழுந்தபோது பத்தரை ஆகியிருந்தது. திரை தானாக விழித்து, பழைய ஆவணத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. நானும் போய் அதன் முன்னால் உட்கார்ந்தேன். கிழமை சரியாக இருந்தது, மணி சரியாக இருந்தது. பசியிலும் தாகத்திலும் வேறொன்றும் தோன்றவில்லை. பதினொரு மணி வாக்கில் மனைவி எதற்கோ மேலே வந்தாள். "மெதுவா பேசு, மீட்டிங்" என்று கையால் காட்டினேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

என் அறையின் பின்பக்க ஜன்னலுக்குக் கீழே முடுக்கு. பெண்கள் தெருவுக்கு வராமல் வீட்டுக்கு வீடு போய்வர விட்டிருக்கும் சந்து அது. ஆண்கள் அதில் நடப்பதில்லை. அதைப் பார்க்கிற ஜன்னலையும் திறந்து வைப்பதில்லை. பதினோரு வருஷத்தில் நான் அதைத் திறந்ததே கிடையாது. ஆனால் மூடிய ஜன்னல் வழியாகச் சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் கீழே பாத்திரம் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தமும், மாமியை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பக்கத்து வீட்டு அம்மாவின் குரலும் கேட்டன. அவர் கணவருக்கும் வளைகுடாவில்தான் வேலை.

"என்ன லாத்தா, இன்னைக்குமா எங்க வீட்டுல வந்து அரைக்கிறிய? எங்க வீட்டாளு இப்பதான் பெருநாத் தொழுதுட்டு வந்து போன் போட்டாஹ. அங்கன எல்லா ஆபீசும் மூடிக் கெடக்காம். ஒங்க மருமவனுக்கு மட்டும் என்ன டூட்டி?"

அங்கே ஒரு நாள் முந்திப் பெருநாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். இந்த ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் வளைகுடாவின் லீவு நாட்கள் விரல் நுனியில் இருக்கும். அங்கே வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு மட்டும் மறந்துவிட்டது.

அடுத்து மாமியின் குரல் வந்தது.

"கப்பலுக்குப் பெருநா உண்டா? எங்க மருமவன் பாக்கது கப்பல் வேலலா. மத்தவங்களுக்கு லீவு விட்டா அவுஹளுக்குத்தான் ரெட்ட வேல. நீ தேங்காய எடு, வட்டலப்பத்துக்கு நேரமாவுது."

முடுக்கில் செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. மூன்று வருஷமாகப் பகலில் இந்த வீட்டில் மிக்சி ஓடிய சத்தத்தை நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சட்னியும் மசாலாவும் தட்டில் தானாக வந்து விழுவதுபோலச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முழங்கால் வலியோடு ஒரு பெரிய மனுஷி சாமானைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் அரைத்து எடுத்து வந்திருக்கிறார்கள், என் மீட்டிங்குக்குச் சத்தம் ஆகாது என்று. வேலை இருந்த காலத்தில் சரி. இந்த ஐந்து மாதமும். இன்றைக்கும்.

அதைவிட எனக்குத் தாங்க முடியாமல் போனது இன்னொன்று. மாமி பொய் சொல்லிக் கேட்டதில்லை. நோன்பு வைத்துக்கொண்டு, முப்பதாவது நோன்பில், எனக்காக ஒரு பொய் சொன்னார்கள்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து மனைவியை மேலே கூப்பிட்டேன். அவள் வந்து கதவருகே நின்றாள்.

"எனக்கு வேல போயிட்டு" என்றேன்.

"தெரியும்."

"இன்னைக்குத் தெரிஞ்சதா?"

"மூணு மாசமா தெரியும். இதுல ஒரு கப்பல் பேரு போட்டிருக்குல்லா" என்று திரையைக் காட்டினாள். "தேத்தண்ணி கொண்டு வாறப்பல்லாம் பாக்கேன். அதே கப்பலு, அதே கன்டெய்னர் நம்பரு. மூணு மாசமா அந்தக் கப்பல் கரைய விட்டுக் கெளம்பல." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

"மாமிக்கு?"

"நான் சொல்லல. உம்மா தானா எப்பக் கண்டுபிடிச்சாஹன்னு எனக்குத் தெரியாது. கேட்டா, மருமவன் டூட்டியில இருக்காஹன்னு எங்கிட்டயே சொல்லுதாஹ."

"நீ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க எங்க போயி ஒக்காருவிய மச்சான்?" என்றாள். "ஒங்க உம்மா வீடு இப்ப ஒங்க தங்கச்சி வீடு. இங்க கீழ பூரா நாங்க பொம்பளையளா இருக்கோம். இந்த மாடியும் இந்த மிசினும்தான் ஒங்களுக்குன்னு இருக்கு. அதையும் புடுங்கச் சொல்லுதியளா?"

ஐந்து மாதமாக அவர்களை வெளியே நிறுத்திவைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்க வேண்டியவன் நான் என்று தெரிந்து, அவர்கள்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அன்பால்தான். ஆனாலும் பூட்டு பூட்டுதான், எனக்கு மூச்சு முட்டியது முட்டியதுதான்.

அவள் போன பிறகு அந்தத் தளத்தைத் திறந்து என் பழைய கருத்தைத் திருத்தினேன். எதற்காக இவ்வளவு நேரம் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டீர்கள், வேலை போனதை வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கப் பயன்படுத்தினேன் என்று எழுதினேன். நட்சத்திரம் எதையும் குறைக்கவில்லை. சொன்ன வேலையை அது சொன்னபடி செய்தது, தப்பு அதனுடையது இல்லை. விடுமுறை வசதி கேட்டவரைத் தேடிப் பிடித்து மன்னிப்பும் கேட்டேன். பிறகு விளக்கை அணைத்தேன். நாலரை ஆக இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. பத்து நிமிஷம் சும்மா இருந்தேன். திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது, தாடி நிறைய நரைத்திருந்தது.

கீழே பின்வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்த ஈடு தேங்காயை எடுத்துக்கொண்டு மாமி மறுபடியும் முடுக்குக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தது. வேகமாகப் படி இறங்கினேன். ஐந்து மாதத்துக்கு முன் நின்றேனே, அதே பாதிப் படியில் நின்றுகொண்டு, மனைவியிடம் சொல்வதுபோல மாமியின் காதில் விழும்படி சொன்னேன்.

"மாமிய மிக்சிய இங்கனயே போடச் சொல்லு. எனக்கு டூட்டி இல்ல."

பின்வாசல் கதவை அடைத்தார்கள். பிளக்கைச் செருகும் சத்தம் கேட்டது. மிக்சி ஓடத் தொடங்கியது. அது பழைய மிக்சி போல, வீடே அதிர்ந்தது. என் மகள் காதைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடிவந்து நின்றாள்.

மிக்சி நின்றதும் மாமியின் குரல் கேட்டது, என் மனைவியிடம் சொல்வதுபோல.

"மாப்புளைக்கு வேற வேல கெடச்சா சொல்லச் சொல்லு. அன்னைலேருந்து மறுபடியும் அங்கன போயி அரைச்சுக்கிடுதேன்."